ஏகலைவனுக்கு எத்தனை விழுக்காடு?

ஏகலைவன் கதையைக் கேளாதார் இந்நாட்டில் இலர். காட்டு மகன் அவன், வேடர் குலத்தான். அரண்மனைப் பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லித்தந்த துரோணரின் உருவத்தை மண்ணால் பிடித்துவைத்துத் தானே கற்றான், தானே தேர்ந்தான், அர்ச்சுனனும் அஞ்சும் அளவுக்கு உயர்ந்தான். உயர்ந்தவனைத் தேடி ஆசிரியர் வந்தார், காணிக்கை கேட்டார். தலையைக் கேட்டாரா? இல்லை. தோளைக் கேட்டாரா? அதுவும் இல்லை. வலக்கைக் கட்டைவிரல் ஒன்றே ஒன்று போதும் என்றார்!

புராணத்தை நம்பச் சொல்லி நாம் இதைக் கூறவில்லை. நம்புவோரைப் பற்றி நம் கருத்து என்னவென்பது நாடறிந்தது. ஆனால் கதை கட்டியவரின் கணக்கு எத்தனை கூர்மையானது என்பதை எண்ணிப் பாருங்கள் தோழர்களே! உடலின் எடையில் அந்த விரல் எவ்வளவு? ஒரு பலம் தேறுமா? அந்தச் சிறு துண்டு போனால் வில்லாளியே போனான் என்பது துரோணருக்குத் தெரிந்திருக்கிறது. உடலில் போனது ஒரு விரல். வாழ்வில் போனது அனைத்தும். இந்த வேறுபாட்டை அறிந்துதான் அந்த ஆசிரியர் காணிக்கை கேட்டார்.

துரோணர் அறிந்ததை இன்று கோப்புகள் அறியவில்லை. நாம் பேச வந்தது அதைத்தான்.

மாற்றுத்திறனாளி யார், அரசின் உதவித்தொகை பெறத் தக்கவர் யார் என்ற கேள்விக்கு இந்நாட்டில் விடை சொல்வது ஓர் எண். 1995ஆம் ஆண்டுச் சட்டம் நாற்பது விழுக்காடு என்று கோடு போட்டது. 2016ஆம் ஆண்டு புதிய சட்டம் வந்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கும் வந்தது. ஏழாக இருந்த குறைபாடுகளின் வகை இருபத்தொன்றாக விரிந்தது. வரவேற்கிறோம், மகிழ்கிறோம். ஆனால் நாற்பது என்ற கோடு மட்டும் நகரவில்லை. தமிழ்நாட்டு வருவாய்த்துறையின் உதவித்தொகைக்கு நாற்பது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்புத் தொகைக்கு எழுபத்தைந்து. டில்லி தரும் ஓய்வூதியத்துக்கோ எண்பது! கோட்டுக்கு மேலே நின்றால் கை நீளும். கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு விழுக்காடு குறைந்து முப்பத்தொன்பதில் நின்றால், மன்னிக்க வேண்டும், அடுத்தவர் வரலாம்.

கொங்கு நாட்டைச் சற்றே சுற்றி வருவோம். ஏனெனில் இது உழைத்தே உடல் தேய்ந்த நாடு. சோமனூரிலும் பல்லடத்திலும் இரவும் பகலும் ஓயாமல் ஒலிக்கின்றன விசைத்தறிகள். கோவையின் வார்ப்படச் சாலைகளில் இரும்பு நீராய் ஓடுகிறது. லேத்துப் பட்டறைகளிலும் பிரஸ் மிஷின்களிலும் தகடு நெளிகிறது, சில வேளை தகட்டோடு விரலும் நெளிகிறது. திருப்பூரில் பனியன் துணியை அடுக்கடுக்காய் வெட்டும் கத்தி, துணி எது தோல் எது என்று பார்ப்பதில்லை. கரும்பு ஆலைகளின் உருளைக்கும் அந்தப் பாகுபாடு கிடையாது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை ஏறுகிறவன் ஒருநாள் கை வழுக்கினால், அன்றோடு அவன் முதுகெலும்பு மண்ணோடு பேசிவிடுகிறது. பஞ்சாலைகளில் பருத்தித் தூசியை ஆண்டுக்கணக்கில் இழுத்த நெஞ்சுகள் உண்டு. வெளியே பார்த்தால் ஆள் முழுசு, மாடிப்படி ஏறச் சொன்னால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்.

இவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் எதற்கு? எந்த ஊரிலும் இருப்பார். விசைத்தறியில் வேலை. பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்த வேண்டும். அறுந்த இழையைத் தேடி எடுத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே முறுக்கி முடிந்து, விழுதிலும் அச்சிலும் கோத்து, மறுபடி ஓட்ட வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை முடிச்சு என்று அவரைக் கேட்டால் சிரிப்பார். பல் எத்தனை முறை மென்றது என்று யாராவது எண்ணுவார்களா? ஒருநாள் பல்சக்கரம் அவர் கட்டைவிரலைப் பறித்துக்கொண்டது. மருத்துவர் முன் நிற்கிறார். அவர் அட்டவணையைப் பார்க்கிறார், எண்ணைச் சொல்கிறார். "ஏனுங்க டாக்டருங்க, விரலு போச்சுன்னு சொல்றீங்க. நூலு அறுந்தா முடிச்சுப் போடறது எதை வச்சுங்க?" என்று இவர் கேட்டால் மருத்துவர் என்ன செய்வார் பாவம்! அட்டவணையில் நூலும் இல்லை, தறியும் இல்லை, முடிச்சும் இல்லை.

1923இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த தொழிலாளர் ஈட்டுத்தொகைச் சட்டத்தின் அட்டவணை இவ்வாறு விலை எழுதி வைத்தது: கட்டைவிரலுக்கு முப்பது விழுக்காடு, சுட்டுவிரல் முழுதும் போனால் பதினான்கு, நடுவிரலுக்குப் பன்னிரண்டு, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ ஏழு. கசாப்புக் கடைப் பலகையில்கூட இப்படி அங்கம் அங்கமாய் விலை எழுதி நாம் கண்டதில்லை! ஆனாலும் அந்தச் சட்டத்துக்கு ஒரு நேர்மை இருந்தது. அதை நாம் மறைக்கமாட்டோம். அது கேட்ட கேள்வி சரியான கேள்வி. 'உடலில் எவ்வளவு போயிற்று' என்றல்ல, 'சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று' என்பதே அதன் கேள்வி. இன்னொரு நல்ல குணமும் அதற்கு இருந்தது. ஏழு விழுக்காடு போனவனுக்கு ஏழுக்கு உரியது; முப்பது போனவனுக்கு முப்பதுக்கு உரியது; நூறு போனவனுக்கு நூறுக்கு உரியது. நாற்பதுக்குக் கீழே நீ மனிதனே இல்லை என்று அது சொல்லவில்லை.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டமும் அப்படியே. 1948இல் இயற்றப்பட்டது, 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கப்பட்டது, தமிழ் மண்ணில் முதன்முதலில் அது கால் வைத்தது எங்கே தெரியுமா? சென்னையில் அல்ல, கோவையில்! 1955 சனவரி 23. பஞ்சாலைப் பாட்டாளிகளின் ஊர் என்பதால் வந்த பெருமை அது. விபத்தில் நிரந்தர ஊனமுற்ற தொழிலாளிக்கு, திறன் இழந்த விழுக்காட்டுக்கு ஏற்ப, வாழ்நாள் முழுதும் மாதந்தோறும் தொகை. ஆக, படிப்படியாய் ஏறும் படிக்கட்டு என்னவென்று கோவைத் தொழிலாளிக்கு எழுபது ஆண்டுக்கு முன்பே தெரியும். 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்து அமர்ந்திருக்கிறது. பெயர் மாறியது, ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைத் தொழிலாளி பெரும்பாலும் ஈட்டுறுதிக்கு வெளியே நிற்கும் நிலை மாறவில்லை. நான்கு தறியும் ஆறு தறியும் போட்டுக் கூலிக்கு ஓட்டுகிற வீடுகள்தாம் கொங்கு நாட்டில் தெருவுக்குத் தெரு. அங்கே விரல் போனால் முதலாளி ஈட்டுத்தொகை தரவேண்டும் என்கிறது சட்டம். அந்த முதலாளியோ தாமே நூல்காரருக்குக் கடன்பட்டு, மின்கட்டணத்துக்கு அஞ்சி நிற்பவர்.

அப்படிப்பட்டவர் அரசின் உதவித்தொகை வாசலுக்கு வருகிறார். அங்கே படிக்கட்டு இல்லை. சுவர் இருக்கிறது. நாற்பது விழுக்காடு உயரச் சுவர்! கட்டைவிரல் ஒன்றை மட்டும் இழந்தவர் அந்த உயரத்தை எட்டுவது அரிது. ஒரு கண் முற்றிலும் போய் மறு கண் நல்லபடி இருந்தால், 2018இல் டில்லி வெளியிட்ட அளவீட்டு நெறிப்படி அது முப்பது. பட்டறையில் பொறி தெறித்து ஒரு கண் போன தொழிலாளியை, மறுபடி பொறி தெறிக்கும் வேலையில் எந்தப் பட்டறைக்காரர் துணிந்து நிறுத்துவார்? மற்ற கண்ணும் போனால் யார் பதில் சொல்வது என்று அவரும் அஞ்சத்தானே செய்வார்! இருந்தும், முப்பது முப்பதுதான்.

கூட்டல் கணக்கு ஒன்றையும் கேளுங்கள். இரண்டு குறைபாடு இருந்தால் இரண்டையும் கூட்டக் கூடாதாம். பெரியதை அப்படியே வைத்து, அதைத் தொண்ணூறிலிருந்து கழித்து, மிஞ்சியதைச் சிறியதோடு பெருக்கி, தொண்ணூறால் வகுத்துச் சேர்க்க வேண்டுமாம். முப்பதும் முப்பதும் அறுபது என்பது நம் ஊர்ப் பள்ளிப்பாடம். அந்தச் சூத்திரப்படி ஐம்பது! கண்ணும் போய்க் கையும் குறைந்தவனிடம் பத்து விழுக்காடு பிடித்தம் செய்துகொள்கிறது கணிதம். வட்டிக்கடைக்காரர் கேட்டால் பொறாமைப்படுவார்.

இந்த அளவுகோல் கோணலானது என்று நாம் மட்டுமா சொல்கிறோம்? நாட்டின் உச்சநீதிமன்றம் ஐம்பது ஆண்டாகச் சொல்லி வருகிறது. 1975இல் ஒரு தச்சரின் வழக்கு வந்தது. சினிமாக் கொட்டகை அலங்கார வேலையின்போது விழுந்து, இடக்கை துண்டிக்கப்பட்டது. ஒரு கை போனது பகுதி ஊனமே, முழு ஊனமல்ல என்று வாதாடினார் வேலை கொடுத்தவர். ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே அது முழு இழப்பே என்று தீர்ப்பாயிற்று. 2010இல் விபத்து ஈட்டுத்தொகை வழக்கொன்றிலும் அதே கருத்து: ஓட்டுநர் ஒருவரும் அலுவலக எழுத்தர் ஒருவரும் இடக்கையை இழந்தால், உடலிழப்பு ஒன்றாயினும் வருவாய் இழப்பு ஒன்றல்ல. 2021இல் குடிமைப் பணித் தேர்வு எழுத வந்த ஒருவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய். நாற்பது இல்லை என்று சொல்லி உதவி எழுத்தரை மறுத்தார்கள். நாற்பதைக் காட்டி அந்த உதவியை மறுக்கக் கூடாது என்றது நீதிமன்றம்.

எல்லாவற்றுக்கும் மேலாக 2024 அக்டோபரில் வந்ததே ஒரு தீர்ப்பு! மராட்டிய மாணவர் ஒருவர், பேச்சுக் குறைபாடு, நாற்பதைச் சற்றே தாண்டியது. மருத்துவக் கல்லூரி விதி என்ன சொன்னது தெரியுமா? இந்தக் குறைபாடு நாற்பதுக்குக் கீழே இருந்தால் மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு கிடையாது; நாற்பதுக்கு மேலே இருந்தால் படிப்பே கிடையாது! கீழே நின்றால் 'நீ போதிய ஊனன் அல்லன்', மேலே நின்றால் 'நீ மிகுந்த ஊனன்'. அப்படியானால் ஒதுக்கீட்டு இடத்தில் உட்காரத் தக்கவர் வானுலகத்திலிருந்துதான் இறங்கி வரவேண்டும். எண்ணை மட்டும் பார்த்து ஒருவரைத் தள்ளக் கூடாது, அவரால் படிக்க முடியுமா என்று நேரில் ஆராய வேண்டும் என்று அந்த விதியைத் திருத்தி வாசித்துத் தீர்ப்பெழுதியவர் நீதியரசர் கே.வி.விசுவநாதன். பொள்ளாச்சியில் வளர்ந்து கோவைச் சட்டக் கல்லூரியில் பயின்றவர். நம் மண்ணின் காற்று வீணாகவில்லை என்று மகிழ நமக்கு உரிமை உண்டல்லவா?

2016ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் இரண்டாம் பிரிவில் ஆங்கில எழுத்து வரிசையில் இரண்டு விளக்கங்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. 'எஸ்' என்ற உட்பிரிவு, நெடுநாள் நீடிக்கும் குறைபாடும் சமுதாயத்தின் தடைகளும் மோதும்போது எவர் மற்றவருக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் தடுக்கப்படுகிறாரோ அவரே மாற்றுத்திறனாளி என்கிறது. அருமை! அதில் எண்ணே இல்லை. அதற்கு முந்திய 'ஆர்' என்ற உட்பிரிவோ, சலுகை வேண்டுமானால் நாற்பது கொண்டுவா என்கிறது. ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறையில் மனிதநேயமும் முழக்கோலும் குடியிருக்கின்றன. விண்ணப்பம் எடுத்துச் செல்பவருக்குக் கதவு திறப்பது எப்போதும் முழக்கோல்தான்.

அந்த இருபத்தொன்றில் சேர்ந்த இரத்த நோய்களின் கதி இன்னும் வேடிக்கை. தலசீமியா, ஈமோபிலியா, அரிவாள் செல் சோகை ஆகிய மூன்றும் பட்டியலில் உண்டு. நீலகிரிச் சரிவுகளிலும் ஆனைகட்டிப் பக்கத்திலும் வாழும் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் சோகை இருப்பது மருத்துவ உலகம் அறிந்தது. வலி வந்தால் வாரக்கணக்கில் படுக்கை, தணிந்தால் நடமாட்டம். நடமாடும் நாளில் மலையிறங்கி, பேருந்து பிடித்து, மருத்துவக் குழு முன் நின்றால், 'நன்றாகத்தானே நிற்கிறார்' என்று தோன்றும். படுத்துக் கிடந்த நாளில் அவரால் வரவே முடியாது. வரமுடிந்த நாளில் அளந்தால் எண் குறையாமல் என்ன செய்யும்? அதுமட்டுமல்ல, அரசு வேலையில் நான்கு விழுக்காடு ஒதுக்கீடு தரும் முப்பத்து நான்காம் பிரிவில் இந்த மூன்று நோய்களுக்கும் இடமே இல்லை. விருந்துக்கு அழைப்பிதழ் அனுப்பினார்கள்; இலை போடும்போது பெயரை மறந்துவிட்டார்கள்.

டில்லியின் தாராளத்தைப் பார்ப்போம். இந்திராகாந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் என்று பெயர். எண்பது விழுக்காடு ஊனம் வேண்டும், அல்லது பல்வகை ஊனம் வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். இரண்டு கோட்டையும் தாண்டியவருக்கு டில்லி தரும் பங்கு? 2009இல் மாதம் 200 ரூபாய். 2012இல் 300 ஆயிற்று. 2025 முடிந்தபோதும் அதே 300! நாளொன்றுக்குப் பத்து ரூபாய். காந்திபுரத்தில் ஒரு குவளைத் தேநீருக்கே இந்தப் பத்து ரூபாய் போதுமா என்று பாருங்கள்.

விலைவாசி ஏறியது டில்லிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நாடாளுமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளத்தை ஒரு லட்சத்திலிருந்து ஒரு லட்சத்து இருபத்து நான்காயிரமாக உயர்த்தி 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். 2023 ஏப்ரலிலிருந்தே நிலுவையோடு! விலையேற்றக் குறியீட்டைப் பார்த்து ஐந்தாண்டுக்கொருமுறை தானே உயரும்படி அதற்கு விதி இருக்கிறது. உறுப்பினர் உயர்வு பெறட்டும், நமக்கு வயிற்றெரிச்சல் இல்லை. அந்தக் குறியீடு அவர் வீட்டுக்கு மட்டும்தான் வழி தெரிந்து போகுமா, படுக்கையில் கிடப்பவர் குடிசைக்குப் போக அதற்குக் கால் இல்லையா என்பதே நம் கேள்வி. இன்னொன்று. மற்றவர்களுக்கான திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிக்கு இருபத்தைந்து விழுக்காடாவது கூடுதலாகத் தரவேண்டும் என்று 2016 சட்டத்தின் இருபத்து நான்காம் பிரிவு கட்டளையிடுகிறது. டில்லி கைம்பெண்ணுக்கும் 300 தருகிறது. மாற்றுத்திறனாளிக்கும் 300 தருகிறது. தாம் எழுதிய சட்டத்தைத் தாமே படிப்பதில்லை போலும்.

தமிழ்நாட்டுக் கணக்கையும் சொல்லத்தான் வேண்டும். 1962இல் முதியோர் ஓய்வூதியம் மாதம் இருபது ரூபாயாகத் தொடங்கியது, காமராசர் ஆட்சியில். மாற்றுக்கட்சியின் செயல் என்பதற்காக நாம் அதை மறைக்கும் பழக்கம் இல்லை. ஆதரவற்ற ஊனமுற்றோருக்கென்று தனி உதவித்தொகை 1974 நவம்பரில் கலைஞர் ஆட்சியில் வந்தது. மனிதனை மனிதன் இழுத்த கைரிக்‌ஷாவை அதற்கு முந்திய ஆண்டே ஒழித்த ஆட்சி அது. பின்னர் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லையே அகற்றி 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைத் தந்ததும், 2010இல் அதற்கெனத் தனித்துறை கண்டு தம் பொறுப்பில் வைத்துக்கொண்டதும் கலைஞர்தாம். 2022 டிசம்பர் 3 அன்று முதலமைச்சர் பொறுப்பிலிருந்து மு.க.ஸ்டாலின் அறிவித்தபடி, 2023 சனவரியில் வருவாய்த்துறை உதவித்தொகை 1000 ரூபாயிலிருந்து 1500 ஆயிற்று; நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் பயன்பெற்றனர். அதே ஆண்டில் முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் 1200 ஆயிற்று. 1200க்கு மேல் இருபத்தைந்து விழுக்காடு கூட்டிப் பாருங்கள்: சரியாக 1500. டில்லி மறந்த சட்டப்பிரிவு இங்கே நினைவிருந்தது.

இதைச் சொன்ன வாயால் அடுத்ததையும் சொல்கிறோம். 1500 போதுமா? போதாது. அண்டை ஆந்திரத்தில் 2024 சூலை முதல் 6000 ரூபாய் என்றார்கள். முழுதும் படுக்கையில் வீழ்ந்தவருக்கு 15000 என்றார்கள். நம் தோழர் ஒருவர் இதைப் படித்து முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நம் வீட்டுச் சோற்றில் உப்புக் குறைந்தால் நாம் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரா வந்து சொல்வார்?

ஆந்திரத்துக் கதையின் மறுபாதியையும் கேட்க வேண்டும். தொகையை உயர்த்தியபின் அங்கே சந்தேகம் புகுந்தது. சான்றிதழ்களை மறுபரிசோதனை செய்தார்கள். 2025 ஆகஸ்டில் பெருந்தொகையானவர்களுக்கு, உங்கள் விழுக்காடு நாற்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று அறிவிப்பு போயிற்று. நேற்றுவரை தக்கவர், இன்று தகாதவர்! கால் முளைத்ததா, கண் திறந்ததா? எதிர்ப்பு எழுந்தது, மேல்முறையீட்டுக்கு வழிவிட்டு, தொகை தொடரும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கடல் கடந்த பிரிட்டனிலும் 2025இல் இதுதான் நடந்தது. அங்கே விழுக்காடு இல்லை, புள்ளி. உடுத்துவது, உண்பது, குளிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். ஏதேனும் ஒரு செயலிலாவது நான்கு புள்ளி இருந்தால்தான் தொகை என்று புது விதி கொண்டுவர முனைந்தது தொழிற்கட்சி ஆட்சி. சொந்தக் கட்சி உறுப்பினர்களே நூற்றுக்கு மேல் எதிர்த்து எழுந்தார்கள். சூலை முதல் நாள் அந்த விதி பின்வாங்கியது. பணக்கார நாடும் கோட்டை நகர்த்திப் பணம் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறது என்பது நமக்குப் பாடம்.

போலிகள் நுழைவார்கள் என்பார் சிலர். நுழைகிறார்கள், உண்மை. மராட்டியத்தில் பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் மீது ஊனச் சான்றிதழ் பற்றிக் குற்றச்சாட்டு எழுந்ததும், வேறு காரணங்களும் சேர, அவர் தேர்வை 2024 சூலை இறுதியில் ஆணையம் ரத்து செய்ததும் நாடு முழுதும் பேசப்பட்டது. ஆனால் கவனியுங்கள் தோழர்களே! அவ்வகை வழக்கில் பேச்சு ஐ.ஏ.எஸ். நாற்காலியைப் பற்றியது. மாதம் 1500 ரூபாய்க்கு விரலை வெட்டிக்கொள்பவர் எவரும் இலர். நாற்காலிக்கு ஆசைப்பட்டவர் மீதுள்ள ஐயத்தைக் கஞ்சிக்குக் காத்திருப்பவர் மீது இறக்குவது என்ன நீதி?

எண்ணுக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. அதை நாம் மதிக்கிறோம். எண் இல்லையென்றால் என்ன ஆகும்? அதிகாரியின் மனம் ஆளும். மனம் ஆளும் இடத்தில் சாதி ஆளும், சிபாரிசு ஆளும், உறை நிறைந்த கை ஆளும். பண்ணையார் வீட்டுப் பிள்ளைக்குத் தலைவலியும் ஊனமாகும். சேரிக்காரனுக்கு இரு கால் போனாலும் 'பார்க்கலாம்' என்பார்கள். எண்ணுக்குச் சாதி கிடையாது. அட்டவணை எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று கேட்காது. ஆகவே எண்ணை எறிந்துவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை.

நாம் கேட்பது வேறு. நாற்பதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு எந்த விசாரணையும் வேண்டாம், எண்ணே போதும், தந்துவிடுங்கள். நாற்பதுக்குக் கீழ் நிற்பவரைச் சுவரில் மோதித் திருப்பி அனுப்பாதீர்கள், அவரைக் கேளுங்கள். என்ன தொழில் செய்தாய், இப்போது முடிகிறதா, வேறு தொழில் தெரியுமா, மருந்துக்கும் துணையாளுக்கும் எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். கேட்கிற குழுவில் மருத்துவர் மட்டும் இருந்தால் போதாது. அந்தத் தொழில் தெரிந்த தொழிலாளி ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் உட்காரட்டும். நூல் முடியக் கட்டைவிரல் வேண்டுமா என்பதைச் சொல்லச் சோமனூர்த் தறிக்காரரைவிடத் தக்க வல்லுநர் எந்தக் கல்லூரியில் இருக்கிறார்? முப்பதுக்கு முழுத்தொகை வேண்டாம். முப்பதுக்கு உரியதைத் தரட்டும். கோவைக்கு 1955இல் வந்த படிக்கட்டை உதவித்தொகை அலுவலகத்துக்கும் கொண்டுவாருங்கள், அவ்வளவே.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துச் சொச்சம். உதவித்தொகை பெறுவோர் அதில் ஒரு பகுதியினரே. டில்லி தன் எண்பதை நாற்பதாக இறக்கி, தன் முந்நூறையும் விலைவாசியோடு கட்டிவிட்டால், மாநிலத்தின் தோள் சுமை பெரிதும் இறங்கும். நம்மிடம் வசூலிக்கும் வரியில் பாதியைத் திருப்பித் தரவே மனம் இல்லாதவர்களிடம் இதைக் கேட்பது வீண் என்பீர்கள். கேட்காமலிருப்பது அதைவிட வீண்.

இத்தனை எளிய மாற்றம் ஏன் வரவில்லை? நம் எண்ணம் இது. சட்டத்தில் 'உரிமை' என்று எழுதியாயிற்று. கொடுப்பவர் மனத்தில் இன்னும் 'தருமம்' என்றே எழுதியிருக்கிறது. தருமம் என்றால் வாங்குபவர் தன் தாழ்வை மெய்ப்பித்தாக வேண்டும். கோயில் வாசலில் கட்டை அவிழ்த்துப் புண்ணைக் காட்டினால்தானே காசு விழுந்தது? முற்பிறப்பில் செய்த வினை, இப்பிறப்பில் முடம் என்று சொல்லி, பிறவிக் குறையைப் பாவத்தின் முத்திரையாக்கிய நாடு இது. வினைப்பயன் என்று சொல்லிவிட்டால் பட்டறைக்காரர் பல்சக்கரத்துக்கு மூடி போட வேண்டியதில்லை. அரசு சாய்தளம் கட்ட வேண்டியதில்லை. பார்ப்பவர் பரிதாபப்பட்டு நகர்ந்துவிடலாம். பெரியார் அந்த வினைக்கோட்பாட்டைக் கிழித்தெறிந்தது ஈரோட்டில் பிறந்த குறும்புக்காக அல்ல. மனிதன் மனிதனிடம் மண்டியிடும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதற்காக. சான்றிதழ் வாங்க வரிசையில் நின்று, சட்டையைக் கழற்றி, 'இன்னும் கொஞ்சம் மடக்கிக் காட்டு' என்று சொல்லக் கேட்டு நிற்கும் தொழிலாளி, கோயில் வாசலிலிருந்து எத்தனை அடி தூரம் வந்திருக்கிறார்?

2024 அக்டோபரில் விதி திருத்தி, அட்டைக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள். நாற்பதுக்குக் கீழே வெள்ளை. நாற்பதுக்கு மேல் மஞ்சள். எண்பதும் அதற்கு மேலும் நீலம். அட்டை தர ஒரு மாதம் என்றிருந்த கெடுவை மூன்று மாதமாக நீட்டவும் மறக்கவில்லை. வெள்ளை அட்டை வைத்திருப்பவரைப் பாருங்கள்! குறைபாடு உண்டு என்று அரசே முத்திரை குத்தித் தந்திருக்கிறது. அதைக் காட்டி உதவித்தொகை கேட்டால் உனக்கு இல்லை என்கிறது.

நம் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் கிளைக்கழகம் இல்லாத ஊர் இல்லை. உங்கள் ஊரில் நாற்பதுக்குக் கீழே எண் வாங்கித் திரும்பியவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். தறியா, பட்டறையா, தென்னையா, பஞ்சாலையா என்று தொழிலை எழுதுங்கள். விபத்துக்கு முன் வாரக்கூலி எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று எழுதுங்கள். நம் கட்சி, மாற்றுக் கட்சி என்று பாராதீர்கள். மலைக்கிராமத்தை விட்டுவிடாதீர்கள், அங்கே படுத்த நாளிலும் போய்ப் பாருங்கள், நடந்த நாளிலும் போய்ப் பாருங்கள். பட்டியலை இரண்டு படி எடுங்கள். ஒன்று மாவட்ட ஆட்சியரிடம், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில். மற்றொன்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம், அவர் எந்தக் கட்சியாயினும் சரி. கொடுக்கும்போது அவர் சம்பளம் எந்தக் குறியீட்டைப் பார்த்து உயர்ந்தது என்பதையும் ஒரு வரி எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.